ஹாலோங்கில் ஒரு ராத்திரி படகுல தங்கறது: அம்மாவோட போகலாமா?

மாடக்குளத்தான்:
வணக்கம் மக்களே. டிசம்பர் முதல் வாரம் வியட்நாம் தலைநகர் ஹனோய் போறோம். நான், வீட்டுக்காரி, 10 வயசு மக, எங்கம்மா. அம்மாவுக்கு 68. முட்டி வலி உண்டு. சைவம், முட்டைகூட தொடமாட்டாங்க. ஹாலோங் விரிகுடாவுல ஒரு ராத்திரி படகுலயே தங்கணும்னு மக பிடிவாதமா இருக்கா. அந்த ஊரு 2 லட்சம் டாங் ரூபா நோட்டுல இருக்கற பாறையை நேர்ல பாக்கணுமாம். வீட்டுக்காரி 2025 ஜூலைல அங்க படகு கவிழ்ந்த செய்தியைப் படிச்சதுல இருந்து "பகல்லயே போய்ட்டு வந்துடலாம்"ங்கறா.

ரெண்டு நாளா வலைல தேடறேன். நூத்துக்கணக்குல படகு. எல்லாத்துலயும் அதே மெத்தை, அதே பால்கனி, அதே குளியல் தொட்டி. எதை வச்சு முடிவு பண்றது? போனவங்க சொல்லுங்க.

அரைட்ரவுசர்:
நோட்டை மாத்தும்போதே பாறையைப் பாத்துக்கலாமே ணே, செலவு மிச்சம் 😄

சும்மா சொன்னேன். போங்க. ஆனா அம்மாவுக்கு நடுராத்திரி பாத்ரூம் போக வசதியா அறைக்குள்ளயே இருக்கான்னு பாருங்க. இப்ப பெரும்பாலும் எல்லாத்துலயும் இருக்கு.

ஹனோய்வாசி:
ஆறு வருசமா இங்க வேலை. ஊர்ல இருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிட்டுப் போகணும், அதனால எத்தனை தடவை போனேன்னு கணக்கு விட்டுப்போச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. அறையைப் பாத்து படகைத் தேர்ந்தெடுக்காதீங்க. வழித்தடத்தைக் கேளுங்க. நீங்க பணம் குடுக்கறது மெத்தைக்கு இல்ல, படகு எந்தத் தண்ணில நிக்கப்போகுதுங்கறதுக்கு.

'ஹாலோங்'னு பொதுவாச் சொன்னாலும் மூணு தண்ணி இருக்கு. நடுவுல ஹாலோங் விரிகுடா. சுங் சோட் குகை, தி டோப் தீவு, சண்டைக்கோழிப் பாறை எல்லாம் இங்கதான். கூட்டமும் இங்கதான். வடகிழக்குல பாய் து லோங். அமைதியா இருக்கும், தீவுகளுக்கு நடுவுல இடைவெளி அதிகம். தெற்குல காட் பா தீவை ஒட்டி லான் ஹா. அது நிர்வாகத்துல ஹாய் ஃபோங்கைச் சேர்ந்தது, மத்த ரெண்டும் குவாங் நின் மாகாணம். யுனெஸ்கோ 1994ல ஹாலோங்கை அழகுக்காகச் சேர்த்தது, 2000ல நிலவியலுக்காக மறுபடியும். 2023ல காட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்து ஒரே பாரம்பரியக் களமா ஆக்கிட்டாங்க. ஆனா படகு அனுமதி தனித்தனி. லான் ஹா படகுல ஏறினா தி டோப் கிடையாது. வாங்கறதுக்கு முன்னாடி இதைத் தெளிவாக் கேளுங்க. ஏறினப்புறம் சண்டை போட்டவங்களைப் பாத்திருக்கேன்.

அடுத்தது நேரம். 'ரெண்டு நாள் ஒரு ராத்திரி'ன்னு விக்கறாங்க. கணக்குப் போட்டா ஒரு நாள்கூட முழுசா வராது. பகல் 12 மணி வாக்குல ஏத்துவாங்க, உடனே சாப்பாடு. மூணு மணிக்கு ஒரு குகையோ, கயாக்குங்கற சின்னத் துடுப்புப் படகோ. அஞ்சுக்கு மேல்தளத்துல சூரியன் மறையறது. ராத்திரி சாப்பாடு, கணவாய் மீன் பிடிக்கறது. காலைல ஆறரைக்கு தாய்ச்சின்னு ஒரு சீன உடற்பயிற்சி, அப்புறம் இன்னொரு இடம். ஒன்பதரைக்கெல்லாம் "அறையைக் காலி பண்ணுங்க". பதினொன்றரைக்குக் கரை. மொத்தம் இருபத்து மூணரை மணி நேரம், அதுல எட்டு மணி நேரம் தூக்கம். முடிஞ்சா ரெண்டு ராத்திரி போங்க. ரெண்டாவது நாள் சின்னப் படகுல மாத்தி, பெரிய படகுங்க வராத பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. அந்த ஒரு நாள்தான் ஹாலோங்.

ஹனோயிலிருந்து துறைக்கு வேன்ல ரெண்டரை மணி நேரம். 2018ல விரைவுச்சாலை வர்றதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் ஆகும்.

உப்புக்கணக்கு:
மேல சொன்னவர் இவ்ளோ சொல்லியும் கடைசில "போங்க"ன்னுதான் சொல்றாரு. நான் "போகாதீங்க"ன்னு சொல்ல வந்தேன்.

நாங்க ஆளுக்கு 150 டாலர் குடுத்துப் போனோம். நடுக்கடல்ல தனியா நிக்கும்னு நினைச்சேன். சாயங்காலம் நங்கூரம் போட்ட இடத்துல சுத்தி முப்பது படகு, நம்ம சித்திரைத் திருவிழாவுல வண்டி நிறுத்தின மாதிரி. எல்லாம் ஒரே வெள்ளைப் பெயின்ட். பக்கத்துப் படகுல கரோக்கி. எங்க அறை கீழ்த்தளத்துல பின்பக்கம், ஜெனரேட்டருக்கு நேர் மேல. ராத்திரி பூரா மாவு மில்லுக்குள்ள படுத்திருந்த மாதிரி. காலைல முத்து வளர்ப்புப் பண்ணைன்னு கூட்டிட்டுப் போனாங்க. பத்து நிமிசம் சிப்பியைப் பிளந்து காட்டிட்டு ஒரு மணி நேரம் நகைக்கடை.

அதே சுண்ணாம்புப் பாறையை நின் பின்ல பாருங்க. ஹனோய்க்குத் தெற்குல ரெண்டு மணி நேரம். அங்க பாறை கடல்ல இல்ல, வயல்ல நிக்கும். துடுப்புப் படகுல மூணு மணி நேரம் குகைக்குள்ள புகுந்து புகுந்து வரலாம். மோட்டார் சத்தமே இல்ல. அந்தத் துடுப்புப் படகு ஓடற டிரான் ஆனும் யுனெஸ்கோ களம்தான், 2014ல சேர்த்தாங்க. அம்மாவுக்குப் படியேத்தமும் இல்ல.

ஹனோய்வாசி:
உப்புக்கணக்கு, நின் பின் நல்ல இடம், மறுக்கல. ஆனா அது பகல் இடம். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படகுல இருந்து இறக்கிவிட்டுடுவாங்க. ராத்திரி கடல்ல பாறைகளுக்கு நடுவுல கிடக்கறது வேற. அதுக்கு அது பதில் ஆகாது.

நீங்க சொன்ன முப்பது படகு, கரோக்கி எல்லாம் உண்மை. ராத்திரி எங்க வேணும்னாலும் நிக்க முடியாது, ஒதுக்கின இடத்துலதான் நங்கூரம் போடணும். அதனாலதான் தண்ணியை முதல்ல தேர்ந்தெடுங்கன்னு சொன்னேன். வெள்ளைப் பெயின்ட் 2012ல போட்ட உத்தரவு. அதுக்கு முன்னாடி மரத்தோட பழுப்பு நிறத்துல இருக்கும். அதுதான் அழகுன்னு இங்க வயசானவங்க சொல்வாங்க, எனக்கும் அதுதான் பிடிக்கும்.

கீழ்த்தளப் பின்பக்க அறை விஷயத்துல உங்க கட்சிதான். விலை குறைஞ்சா காரணம் அதுதான்.

தூத்துக்குடி மாலுமி:
அண்ணாச்சி, உங்க வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் 22 வருசம் சரக்குக் கப்பல்ல ஓடினவன். ஹாய் ஃபோங் துறைமுகத்துக்கு நாலஞ்சு முறை வந்திருக்கேன், லீவுல ஒருமுறை இதே படகுல சுற்றுலாப் பயணியாவும் போயிருக்கேன்.

அங்க நடந்த ரெண்டு விபத்தையும் ஒண்ணாப் பாக்காதீங்க. 2011 பிப்ரவரில தி டோப் பக்கம் நங்கூரத்துல நின்ன தங்கற படகு ஒண்ணு விடியறதுக்கு முன்ன மூழ்கி 12 பேர் போயிட்டாங்க. அன்னைக்குக் காத்தும் இல்ல, அலையும் இல்ல. படகுக்குள்ள தண்ணி ஏறினதுதான், ஆளுங்க தூக்கத்துல. 2025 ஜூலைல கவிழ்ந்தது பகல்ல சுத்திக்காட்டற படகு. திடீர்னு இடிமழையோட சூறைக்காத்து வந்து ஒரு சாய்ப்புல கவுத்துட்டு. முப்பது பேருக்கு மேல பலி. முன்னது படகோட கோளாறு, பின்னது வானத்தோட கோளாறு. பகல்ல போனா பத்திரம்ங்கற கணக்கு இதுல வரல பாருங்க.

வானத்தைப் பத்தி: ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்க புயல் காலம். 2024 செப்டம்பர்ல யாகி புயல் வந்தப்ப, ஆள் ஏத்தாம துறைக்குள்ள கட்டிக் கிடந்த படகுகளே பல மூழ்கிட்டு. டிசம்பர்ல அந்தப் பயம் இல்ல. பனிமூட்டமும் குளிரும்தான். மூட்டம் ரொம்பக் கட்டினா துறைமுக அதிகாரி படகை விடமாட்டான். விடலைன்னா நன்றி சொல்லிட்டு ஊரைச் சுத்துங்க, பணத்தை மெதுவா வாங்கிக்கலாம்.

படகைப் பத்தி: இரும்பு உடம்பா மரமான்னு கேளுங்க. ஏறினதும் பெட்டியைப் பிரிக்காதீங்க. முதல்ல லைஃப் ஜாக்கெட் எங்க, பிள்ளைக்குச் சின்ன அளவு இருக்கா, அதை மாட்டிப் பாருங்க. அறைல இருந்து திறந்த தளத்துக்கு எத்தனை எட்டு, எந்தப் பக்கம் திரும்பணும், கண்ணை மூடிட்டு ஒருக்கா நடந்து பாருங்க. மக விளையாட்டுன்னு நினைச்சுச் செய்வா. ராத்திரி தலைமாட்டுல டார்ச் இருக்கட்டும். காத்து கிளம்பினா கண்ணாடி அடைச்ச சாப்பாட்டுக் கூடத்துல உக்காராதீங்க, ஜாக்கெட்டோட வெளிய வாங்க. கவிழ்ந்த படகுல ஆள் மாட்டறது உள்ளதான்.

வாந்தி வருமான்னு கேப்பாங்க. வராது. ஆயிரத்தித் தொள்ளாயிரம் தீவு அலையை உடைச்சிடும், உள்ள குளம் மாதிரி கிடக்கும்.

மாடக்குளத்தான்:
மாலுமி அண்ணே, இதை அப்படியே வீட்டுக்காரிக்கு வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிட்டு நடக்கறது வரைக்கும் கேட்டுட்டு "சரி, இரும்புப் படகாப் பாருங்க"ன்னுட்டா. பாதிக் கிணறு தாண்டியாச்சு. சாப்பாடும் முட்டியும் பாக்கி.

கல்லுளிமங்கன்:
நிலவியல் படிச்சவன் என்பதால் ஒரு சின்ன இடைச்செருகல். கேட்காமல் சொல்வதற்கு மன்னிக்கவும்.

அந்தக் கல் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. பிறகு நிலம் உயர்ந்து வெளியே வந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகும். சுண்ணாம்புக்கு அது போதும். விரிசல் வழியே இறங்கி இறங்கி, வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் கல்லைக் கோபுரம் கோபுரமாக அரித்துவிட்டது. அதாவது இவை கடலில் முளைத்த தீவுகள் அல்ல, தரையில் நின்ற மலைகள். கடைசிப் பனியூழி முடிந்து கடல் மட்டம் ஏறியபோது பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் வந்தது. நின் பின்னில் நிற்பதும் இதே இனத்துக் கோபுரம்தான். அங்கே இடையில் வயல், இங்கே இடையில் கடல்.

படகில் இருந்து பார்க்கும்போது ஒவ்வொரு பாறையும் தண்ணீர் மட்டத்தில் இடுப்பு ஒடுங்கி, மேலே குடைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். கடல் நீரும் பாறையைத் துளைக்கும் உயிரினங்களும் சேர்ந்து அரித்த பள்ளம் அது. பலர் உச்சியையே பார்த்துக்கொண்டு இதை விட்டுவிடுவார்கள்.

யாழ்தேவி:
கல்லுளிமங்கன் அண்ணை, உந்த விளக்கத்துக்கு நன்றி. எங்கட யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல்லுதான், ஆனால் எங்கட கல்லு தட்டையாய்க் கிடக்குது, ஓட்டை எல்லாம் நிலத்துக்குக் கீழ. நிலாவரைக் கிணறு உப்பிடி நிலம் இடிஞ்சு வந்தது எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். ஹாலோங்கில சுங் சோட் குகைக்குள்ள நிண்டபோது எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வந்தது. அதைக் கவிட்டு வைச்ச மாதிரி.

சைவச் சாப்பாட்டுக்கு ஒரு விசயம். 'வெஜிடேரியன்' எண்டு சொல்லாதேங்கோ, தலையாட்டிப்போட்டு மீன் சோஸ் விடுவினம். 'அன் சாய்' எண்டு சொல்லுங்கோ. அது அவையின்ர புத்த சமயச் சைவம். அமாவாசை, பௌர்ணமிக்கு இருக்கிற விரதச் சாப்பாடு. அப்ப சமையல்காரருக்கு உடனே விளங்கும். மீன் சோஸுக்கு 'நுஓக் மாம்' எண்டு பேர், 'அது வேண்டாம்' எண்டு தனியாவும் எழுதிக் குடுங்கோ. நாங்கள் படகு பதியேக்கையே எழுதினபடியால் அம்மாவுக்கெண்டு தனித் தட்டு வந்தது. தோஃபு, தக்காளி, காளான், சோறு. ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் கொண்டு போங்கோ, மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

ஹனோய்வாசி:
யாழ்தேவி சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஊறுகாயைப் பெட்டில போடுங்க, கைப்பைல வச்சா விமான நிலையத்துல எடுத்துடுவாங்க.

இப்ப முட்டி. பெரிய படகு எங்கயும் கரை தொடாது. ஒவ்வொரு இடத்துக்கும் சின்னப் படகுல மாறி மாறி ஏறணும், அந்த ஒரு எட்டுதான் வயசானவங்களுக்குக் கஷ்டம். ஆளுங்க கைபிடிச்சு ஏத்துவாங்க, தயங்காம கையைக் குடுங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. சுங் சோட் குகைக்கு ஏறி இறங்க சில நூறு படி. 1901ல அதைப் பாத்த பிரெஞ்சுக்காரங்க 'ஆச்சரியக் குகை'ன்னு பேர் வச்சாங்க, உள்ள பெரிய கூடம், பாக்க வேண்டியதுதான். ஆனா ஏறினவழி இறங்க முடியாது, அந்தப் பக்கமா வெளிய விடுவாங்க. பாதில "முடியல"ன்னு திரும்பற கதை நடக்காது. தி டோப் உச்சிக்கு 400 படிக்கு மேல. அம்மாவைக் கீழ கடற்கரைல உக்கார வச்சுட்டு நீங்க ஏறுங்க. துணைக்குச் சிலையா திதோவ் இருப்பாரு. சோவியத் விண்வெளி வீரர், 1962ல ஹோ சி மின் அவரை இங்க கூட்டிட்டு வந்து தீவுக்கு அவர் பேரையே வச்சாரு.

அம்மாவுக்கு ஏத்தது மூங்கில் படகு. தாழ்வான பாறை வளைவுக்கு அடில புகுந்து நாலு பக்கமும் சுவர் எழுந்த குளத்துக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. லுவோன் குகை அப்படித்தான். உக்காந்தே பாக்கலாம். துடுப்பு போடறவங்க நிறையப் பேர் முன்னாடி மிதவைக் கிராமத்துல வாழ்ந்தவங்க. குவா வான், வுங் வியெங் கிராமத்துக் குடும்பங்களை 2014ல கரைக்கு மாத்திட்டாங்க. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், கடல் மாசு, புயல்னு காரணம் சொன்னாங்க. இப்ப சிலர் காலைல வந்து துடுப்பு போட்டுட்டு சாயங்காலம் கரைக்குத் திரும்பறாங்க.

உப்புக்கணக்கு:
இதைத்தான் சொல்றேன். வாழ்ந்தவங்களைக் கிளப்பிட்டு, அவங்க வீட்டை நம்மளுக்கு டிக்கெட் போட்டுக் காட்டறாங்க. பக்கத்துலயே நிலக்கரிச் சுரங்கம், அதுக்கு மாசு கிடையாதா?

ஹனோய்வாசி:
குவாங் நின் நிலக்கரி மாகாணம்தான், பொய் இல்ல. 2019ல இருந்து படகுல ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, பழைய தெர்மாகோல் மிதவைங்களையும் மாத்த வச்சிருக்காங்க. இருந்தும் மிதக்கற குப்பை கண்ணுல படும். இந்த வாதத்துல நான் ஜெயிக்கப்போறதில்ல. ஆனா என் வீட்டு வேலைக்கு வர்ற அக்கா குவா வான்ல பிறந்தவங்க. "தண்ணில வளர்ந்தேன், என் பிள்ளைக்கு எழுதத் தெரியும்"னாங்க. அதுக்கு மேல நான் அவங்ககிட்ட கேக்கல.

தூத்துக்குடி மாலுமி:
சண்டை முடிஞ்சா ஒரு வேலை தாரேன் அண்ணாச்சி. நம்ம கடல்ல ஒரு நாளைக்குத் தண்ணி ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம். தூத்துக்குடில அது ஒரு மீட்டருக்கும் கீழ, தெரியாது. ஹாலோங் கடல்ல ஒரு நாளைக்கு ஒரே ஏத்தம் ஒரே வத்தம், மூணு மீட்டருக்கு மேல போற நாளும் உண்டு. உலகத்துல அபூர்வம். பக்கத்து பாக் டாங் ஆத்துல 938லயும், மங்கோலியர் வந்த 1288லயும் இதை வச்சுத்தான் வியட்நாம்காரனுவ ஜெயிச்சானுவ. ஆத்துப் படுகைல கூர்மரம் நட்டு, தண்ணி ஏறியிருக்கும்போது எதிரிக் கப்பலை உள்ள இழுத்து, வத்தும்போது குத்த விட்டானுவ.

சாயங்காலம் படகுல இருந்து பக்கத்துப் பாறைல சிப்பி ஒட்டின கோடு எங்க இருக்குன்னு மகளைப் பாத்து வைக்கச் சொல்லுங்க. காலைல மறுபடி பாக்கச் சொல்லுங்க.

மாடக்குளத்தான்:
போய்ட்டு வந்தாச்சு. கேள்வி கேட்டுட்டு காணாமப் போறவன்னு பேர் வாங்கக் கூடாதுன்னு எழுதறேன்.

லான் ஹா, இரும்புப் படகு, ரெண்டாவது தளம், ஒரு ராத்திரி. ரெண்டு ராத்திரிக்கு லீவு இல்ல. ஹனோய்வாசி சொன்னது சரி. காலைல ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினப்ப இப்பத்தானே வந்தோம்னு இருந்துச்சு. எங்க பக்கம் ஆறு படகுதான், கரோக்கி இல்ல. ஆனா லான் ஹா போனதால நோட்டுப் பாறை கிடைக்கல. மக துறைல இறங்கற வரைக்கும் பேசல. 'எந்தத் தண்ணி'ன்னு அவ்ளோ படிச்சும் அவ என்ன பாக்க வந்தான்னு யோசிக்காம விட்டது என் தப்பு. அது ஹாலோங் பக்கம் இருக்கு, குழந்தைகளோட போறவங்க கவனிங்க.

பகல் பூரா வெள்ளை மூட்டம். முதல்ல ஏமாத்தமா இருந்துச்சு. அப்புறம் பாறைங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா சாம்பல், வெளிர் சாம்பல், அதைவிட வெளிர்னு போய்க்கிட்டே இருந்ததுல மனசு மாறிடுச்சு. குளிர் 16 டிகிரி, மேல்தளத்துல ஸ்வெட்டர் பத்தல. கணவாய் ஒண்ணும் மாட்டல. விளக்கைப் போட்டு மூங்கில் குச்சியோட ஒரு மணி நேரம் நின்னோம். பிரான்ஸ்காரர் ஒருத்தருக்கு ஒண்ணு மாட்டி அவர் சட்டைல மை பீச்சினதுதான் மிச்சம்.

'அன் சாய்' வேலை செஞ்சுது. முதல் வேளை மட்டும் வறுத்த சோத்துல முட்டை இருந்துச்சு, சொன்னதும் மாத்திட்டாங்க. ஊறுகாயை மேசைல வச்சதும் பரிமாறின பையன் மோந்து பாத்துட்டு ஒரு சொட்டு கேட்டு வாங்கிட்டுப் போனான்.

அம்மாவுக்கு மூங்கில் படகுதான் பிடிச்சுது. துடுப்பு போட்ட அம்மாவுக்கும் அறுபது இருக்கும். இவங்க தமிழ்ல பேச, அவங்க வியட்நாமில பேச, நடுவுல அவங்க தன் முட்டியைத் தொட்டுக் காட்ட, அம்மா தன் முட்டியைக் காட்ட, திரும்பி வர்றதுக்குள்ள எங்கம்மா பைல இருந்த வலி மருந்துக் களிம்பு பாதி கை மாறிடுச்சு.

தூத்துக்குடி மாலுமி:
சிப்பிக் கோடு?

மாடக்குளத்தான்:
அட, அதை விட்டுட்டேன். சாயங்காலம் அஞ்சரைக்கு மக பாத்து வச்சா. பாறையோட ஒடுங்கின இடுப்புல வெள்ளையா சிப்பி வரிசை, தண்ணிக்கு மேல ஒரு ஆள் உயரத்துக்கு இருந்துச்சு. போட்டோவும் எடுத்தா. காலைல ஆறு மணிக்கு எல்லாரும் தாய்ச்சிக்குப் போக, இவ மட்டும் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னா. வரிசையே இல்ல. தண்ணி குடைக்கு அடில போய் முட்டிட்டு நின்னுச்சு. படகு இடம் மாறிடுச்சுன்னு என்கிட்ட சண்டை. போட்டோவை வச்சு அதே பாறைதான்னு காட்ட வேண்டியதாப் போச்சு.